உள்ளங்காலின் வளைவு

வுழூச் செய்துவிட்டு ஈரக் காலோடு சீமெந்துத் தரையில் நடப்பவர்களின் சுவடுகளைக் கவனித்தால் ஒன்று விளங்கும். சிலருடைய சுவட்டில் குதிக்காலும் முன்பாதமும் தனித்தனியே பதிந்து, இரண்டையும் வெளிப்பக்கமாக ஒரு மெல்லிய பட்டி இணைத்திருக்கும். வேறு சிலருடையது செங்கல்லை வைத்து எடுத்ததுபோல முழுவதுமாகப் பதிந்திருக்கும். இரண்டாவது வகையைத் தட்டைப் பாதம் என்கிறோம். பிறக்கும்போது எல்லாக் குழந்தைகளின் பாதமும் தட்டையாகத்தான் தோன்றும். பத்து வயதாவதற்குள் பெரும்பாலானோருக்கு வளைவு வந்துவிடும். சிலருக்கு வராமலே போகும். அவர்களும் வயலில் இறங்குகிறார்கள், கரைவலை இழுக்கிறார்கள், பந்து விளையாடுகிறார்கள். நோவு தராத தட்டைப் பாதத்துக்கு வைத்தியம் எதுவும் தேவையில்லை.

நான் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி. நாற்பது, ஐம்பது வயதுவரை ஒழுங்காக இருந்த வளைவு, பிறகு மெல்ல மெல்லச் சரிந்து, நோவோடு தரையில் படிந்துவிடும் வருத்தம் ஒன்று இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது கூடுதலாக வருகிறது. நாற்பது கடந்தவர்கள், உடம்பு பருத்தவர்கள், சீனி வருத்தமும் பிறஷரும் உள்ளவர்கள் என்று டொக்டர்மார் பட்டியல் போடுகிறார்கள். இந்தப் பட்டியலில் எதிலுமே அகப்படாத ஓர் உம்மாவையோ மாமியையோ நமது வீடுகளில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் எங்கள் ஊரில் இந்த வருத்தத்துக்குத் தனிப் பெயர் கிடையாது. 'கால் உளைச்சல்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிடுவோம். பெயரில்லாத வருத்தத்தை யாரும் வைத்தியத்துக்குக் கொண்டுபோவதில்லை.

எனக்கு இது 2018 இல் தொடங்கியது. அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தொன்பது வருடங்கள் படிப்பித்திருந்தேன். ஆரம்ப வகுப்பு ரீச்சருக்குக் கதிரை என்பது கைப்பை வைக்கிற தளபாடம் மட்டுந்தான். பாடசாலை விட்டு வந்தால் அடுப்படியில் மறுபடியும் நிற்பு. இடது கணுக்காலின் உட்பக்கத்து எலும்பு முண்டுக்குப் பின்னாலும் கீழாலும் ஒரு வீக்கம், விரலால் அமர்த்தினால் துள்ளச் செய்கிற நோவு. காலையில் கொஞ்சம் லேசாக இருக்கும். அஸருக்குப் பிறகு கால் வேறு யாருடையதோ போலாகிவிடும்.

செய்ய வேண்டியதெல்லாம் செய்தோம். பரிசாரியார் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினார். ஒரு கிளினிக்கில் இருந்த டொக்டர் வயதையும் உடம்பையும் காரணமாகச் சொல்லி நோவுக்குக் குளிசை எழுதித் தந்தார். என் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. இன்னோரிடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள், கட்டிலில் படுக்க வைத்து. படத்தில் குறை ஒன்றுமில்லை என்றார்கள். பாரம் ஏறும்போது சரிகிற பாதத்தைப் பாரம் ஏற்றாமல் படம் பிடித்தால் சரிவு முழுதாகத் தெரியாது என்பதையும், இதற்கு நின்ற நிலையில்தான் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பதையும் பின்னர்தான் அறிந்தேன்.

உண்மையில் என் காலை முதலில் சரியாகப் பார்த்தவர் கல்முனையில் செருப்புத் தைக்கிற ஒரு மனிதர். மூன்றாவது தடவையாக அதே செருப்பைக் கொண்டுபோனபோது, அதைத் திருப்பிப் பிடித்துக் காட்டினார். "டீச்சர், இடது செருப்பு உள்பக்கமாவே தேயுது. வலதுல அப்படி இல்ல. இது செருப்புட பிழை இல்ல, கால எங்கயாவது காட்டுங்க" என்றார்.

2019 கடைசியில் கொழும்பில் எலும்பு வைத்திய நிபுணர் ஒருவரிடம் காட்ட முடிந்தது. அந்த வருடம் ஏப்ரலுக்குப் பிறகு அபாயாவோடு கொழும்புக்குப் பயணம் போவதற்கே வீடுகளில் தயங்கிய காலம் அது. டொக்டர் என்னை நிற்கச் சொல்லிவிட்டுப் பின்பக்கமாகப் போனார். மகள் அபாயாவைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பின்னாலிருந்து பார்க்கும்போது சாதாரணக் காலில் சின்னவிரலும் அதற்கடுத்த விரலும்தான் வெளிப்பக்கமாகத் தெரியுமாம். என் இடது காலில் நான்கு விரல்கள் தெரிவதாக மகளிடம் காட்டினார். முன்பாதம் வெளியே திரும்பிவிட்டது. குதியும் வெளிப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதியை உயர்த்தச் சொன்னார். வலது கால் உயர்ந்தது. இடது கால் உயரவில்லை. மனதிலிருந்து கட்டளை போனது, கால் கேட்கவில்லை.

அவர் ஒரு கடதாசியில் கீறிக் காட்டிய விளக்கத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். பாதத்தில் 26 எலும்புகள். அவை கட்டடத்து வளைவுக் கற்களைப்போல ஒன்றையொன்று தாங்கி நின்றாலும், கற்கள் மட்டும் போதாது. கெண்டைக்காலின் ஆழத்திலிருந்து ஒரு தசை புறப்படுகிறது. அதன் தசைநாண் உட்பக்க எலும்பு முண்டின் பின்னால் ஒரு கப்பியில் ஓடும் கயிறுபோல் வளைந்து போய், பாதத்தின் நடுவிலுள்ள படகு வடிவ எலும்பில் கட்டுப்பட்டிருக்கிறது. நாம் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் வளைவை இழுத்து நிறுத்துவது இந்த நாண்தான். அது வருடக்கணக்கில் தேய்ந்து, வீங்கி, நீண்டு, சில வேளை அறுந்தே போகிறது. அதன்பின் அடியிலுள்ள இணைப்பு நார்களின் தலையில் முழுப் பாரமும் விழ, அவையும் தளர்ந்துபோகின்றன. ஊரில் நாங்கள் எல்லாவற்றையும் 'நரம்பு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இது நரம்பு அல்ல. கயிறு. கயிறு நைந்த கூடாரம் சரிகிறது, அவ்வளவுதான்.

1989 இல் ஜோன்சன், ஸ்ட்ரோம் என்ற இரு வைத்தியர்கள் இந்தச் சரிவை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள். முதற்கட்டத்தில் நாணில் வீக்கமும் நோவும் இருக்கும். பாதத்தின் வடிவம் கெடாது. இரண்டாம் கட்டத்தில் வளைவு விழுந்துவிடும்; ஆனால் கையால் பிடித்துத் திருப்பினால் பாதம் பழைய வடிவத்துக்கு வரும். மூன்றாம் கட்டத்தில் பாதம் சரிந்தபடியே இறுகிவிடும், மூட்டுகளில் வாதம் ஏறிவிடும். கணுக்கால் மூட்டும் சேர்ந்து சாய்வதை நான்காம் கட்டமாக மயர்சன் என்பவர் பின்னர் சேர்த்தார். 2020 இல் நிபுணர்கள் குழுவொன்று கூடி, 'படிப்படியாகச் சரியும் பாதக் குறைபாடு' என்று பொருள்படும் புதுப் பெயரை முன்வைத்தது. கட்டம் பிரிப்பதையும் மாற்றியமைத்தது. ஆனால் நோயாளிக்கு விளங்க வேண்டிய கேள்வி அன்றும் இன்றும் ஒன்றுதான்: கால் இன்னும் வளைகிறதா, இறுகிவிட்டதா?

என்னுடையது இரண்டாம் கட்டம். எடுத்த எடுப்பில் வெட்டுவதில்லை. சப்பாத்துக்குள் வைக்கும் வளைவுத் தாங்கி, கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் கவசம், கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, உடம்பைக் குறைத்தல், சீனியைக் கட்டுப்படுத்தல் என்று தொடங்கினார்கள். பலருக்கு இவற்றோடே நோவு அடங்கிவிடுகிறது, கத்தி வைக்க வேண்டிய தேவையே வருவதில்லை. அதையும் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். எனக்குக் கொஞ்சக் காலம் நின்றது. பிறகு பாடசாலை மதிலுக்கும் வகுப்பறைக்கும் இடைப்பட்ட தூரமே நீளமாகத் தெரியத் தொடங்கியது. உம்ராவுக்குப் போகக் காசு சேர்த்து வைத்திருந்தோம். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஒரு நடை ஏறக்குறைய 450 மீற்றர். ஏழு நடையும் சேர்ந்தால் 3 கிலோமீற்றருக்கு மேல். சக்கர நாற்காலி இருக்கிறது என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் நான் என் காலை அளக்கும் கோலாக அந்த 3 கிலோமீற்றரைத்தான் வைத்திருந்தேன்.

சத்திரசிகிச்சை செய்வதென்று முடிவானபோது நாட்டின் காலம் சரியில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அதன்பின் கிளினிக்குகள் ஒழுங்காக நடக்கவில்லை. 2022 இல் எரிபொருள் வரிசைகள் ஒருபக்கம், மருந்துத் தட்டுப்பாடு மறுபக்கம். அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளைப் பல ஆஸ்பத்திரிகள் பிற்போட்டன. கால் சரிவது அவசரமான வருத்தமா என்று கேட்டால் இல்லை என்பதுதான் பதில். உயிருக்கு மோசமில்லை. ஆனால் காத்திருக்கும் பட்டியலில் பெயர் அசையாமல் கிடக்க, கால் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கிளினிக்கிலும் டொக்டர் என் குதியைக் கையில் பிடித்து உள்பக்கமாகத் திருப்பிப் பார்ப்பார். அந்த ஒரு கணம் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். "இன்னும் வருகிறது" என்று அவர் சொன்னால்தான் மூச்சு வெளியே வரும்.

அந்தத் திருப்பலில் அப்படி என்ன இருக்கிறது? கால் வளையும்வரை மூட்டுகளைக் காப்பாற்றித் திருத்தலாம். இறுகிவிட்டால் பெரும்பாலும் குதியைச் சுற்றியுள்ள மூட்டுகளை ஒட்டவைத்து ஒரே எலும்பாக்குவதுதான் வழி. மூன்று மூட்டுகளைச் சேர்த்து ஒட்டும் அந்த முறை நூறு வருடப் பழமையானது. நோவை நன்றாகவே தீர்க்கும். கணுக்கால் மேலும் கீழும் அசையும். ஆனால் பாதம் பக்கவாட்டில் திரும்பாது. மேடுபள்ளத்தில் நடப்பது கரைச்சல். வருடங்கள் போகப் போகக் கணுக்கால் மூட்டில் தேய்மானம் வரவும் கூடும்.

நான் கேட்ட கேள்வி கொஞ்சம் வித்தியாசமானது. ஸுஜூதில் கால்விரல்கள் மடிந்து தரையில் பதிய வேண்டும். நடு இருப்பில் இடது பாதத்தைப் படுக்கவைத்து அதன்மேல் அமர வேண்டும். எனக்குப் பழுதானது அதே இடது கால். டொக்டர் முஸ்லிம் அல்ல. தரையில் இருந்து காட்டவா என்று மகள் கேட்டாள். அவர் தலையசைக்க, அந்தச் சின்ன அறையில் அவள் தொழுகை இருப்பில் இருந்து காட்டினாள். அவர் குனிந்து நன்றாகப் பார்த்தார். மூட்டுகளை ஒட்டினால் பாதம் உள்ளே திரும்பாது, இந்த இருப்புக் கஷ்டம் என்றார். ஒட்டாமல் திருத்தினால் காலப்போக்கில் முடியலாம் என்றார். விரல்களைப் பற்றியும் கேட்டேன். ஏனென்றால் அவர் நைந்த நாணுக்குப் பதிலாக எடுக்கப்போவது, பெருவிரல் தவிர்ந்த நான்கு விரல்களையும் கீழ்நோக்கி மடக்கும் நாணை. விரல்கள் தாமாகக் கவ்விப் பிடிக்கும் வலு குறையும், பெருவிரலின் நாணும் பாதத்துச் சிறு தசைகளும் ஓரளவு ஈடுசெய்யும், தரையில் ஊன்றும்போது தரையே விரலை மடக்கிவிடும், அதற்கு அந்த நாண் தேவையில்லை என்றார். எனக்குப் போதுமாக இருந்தது.

ஊரில் போதவில்லை. "சும்மா கெடக்கிற கால வெட்டி எலும்ப அறுக்கிறதா? கதிரையில இருந்து தொழுதாக் காணாதா ராத்தா?" என்று தம்பியின் மனைவி கேட்டாள். காணும். நிற்க முடியாதவர் இருந்தும், இருக்க முடியாதவர் படுத்தும் தொழலாம் என்பது மார்க்கம் தந்த பெரிய ரஹ்மத். அதில் குறை காண நான் யார்? ஆனால் அந்தச் சலுகை வருத்தக்காரரின் மனப்பாரத்தை இறக்குவதற்காக வந்தது. திருத்தக்கூடிய காலைத் திருத்தாமல் விடுவதற்கான நியாயமாக அதைப் பெண்களின் முன்னால் வைக்கும்போதுதான் எனக்குக் கரைச்சல். ஆண் ஒருவர் ஜமாஅத்துக்கு வராமல் விட்டால் ஒரு கிழமைக்குள் நாலு பேர் விசாரிக்கிறார்கள். வீட்டறைக்குள் ஒரு பெண் எப்போது கதிரைக்கு மாறினாள் என்று கேட்பதற்கு ஆளில்லை.

2023 இல் இடம் கிடைத்தது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும்படி முதுகில் ஊசி போட்டார்கள். நான் விழித்திருந்தேன், திரைக்கு அப்பால் தச்சுப் பட்டறைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் உட்பக்கமாகத் திறந்து கெட்டுப்போன நாணை வெட்டி எடுத்தார்கள். விரல் நாணைப் பாதத்தின் அடியில் பிரித்து, படகு வடிவ எலும்பில் துளையிட்டு, அதனூடாக இழுத்து இறுக்கினார்கள். தளர்ந்த இணைப்பு நாரைத் தைத்தார்கள். இவை மட்டும் போதாது. வெளியே சாய்ந்த குதியின் மேல் நின்றால் புது நாணும் பழையதன் வழியே போய்விடும். ஆகவே வெளிப்பக்கமாக இன்னொரு வெட்டு. குதி எலும்பைக் குறுக்காக அறுத்து, பின்துண்டை ஒரு சென்றிமீற்றர் அளவு உள்ளே தள்ளி, இரண்டு திருகாணிகள் போட்டு நிறுத்தினார்கள். இறுகியிருந்த கெண்டைத் தசையையும் கொஞ்சம் நீட்டிவிட்டார்கள். முன்பாதம் அதிகமாக வெளியே திரும்பியவர்களுக்குக் குதி எலும்பின் முன்பகுதியை அறுத்து, இடையில் எலும்புத் துண்டு வைத்து நீட்டுவதும் உண்டு. கார்டிஃபைச் சேர்ந்த எவான்ஸ் 1975 இல் எழுதிய முறை அது. எனக்கு அது தேவைப்படவில்லை.

அதன்பின் ஆறு கிழமைகள் இடது காலைத் தரையில் ஊன்றக்கூடாது. சத்திரசிகிச்சையைவிடப் பெரிய சோதனை அதுதான். கழுவக்கூடிய உறுப்புகளைக் கழுவி, பிளாஸ்டரின் மேல் ஈரக் கையால் தடவி, கூடவே தயம்மும் செய்யும் ஷாபிஈ மத்ஹபின் முறையை மௌலவியிடம் கேட்டு மகன் எழுதிக்கொண்டு வந்தான். இரத்தம் உறையாமலிருக்க ஊசி. கால் எப்போதும் தலையணையின் மேல். பிள்ளைகளின் வாப்பா முப்பது வருடத்தில் முதன்முதலாகச் சோறு வடித்தார். முதல் கிழமை கஞ்சியாக வந்தது, மூன்றாம் கிழமை சோறாக வந்தது. பகலுணவு முடிந்து பாத்திரமும் கழுவியபின் ஒருநாள் கதிரையில் வந்து சாய்ந்து, "இதுக்குள்ள இவ்வளவு நிற்பு இரிக்கெண்டு எனக்குத் தெரியாது" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

எனது வார்டில் பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாப் பக்கத்து மூத்தம்மா ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது கூட. அவருடைய கால் இறுகியபின்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தது. மூன்று மூட்டுகளையும் ஒட்டியிருந்தார்கள். பின்னர் தொலைபேசியில் பேசிக்கொண்டோம். நோவில்லாமல் கிணற்றடிக்குப் போய்வருகிறார், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார், கதிரையில் தொழுகிறார். அவருடைய வைத்தியம் தோற்றுப்போனது என்று யாரும் எண்ண வேண்டாம். ஆனால் பத்து வருடங்களுக்கு முன்பே கால் நொந்தது என்று அவரே சொன்னார். அந்தப் பத்து வருடங்களில் அவருக்கு வேறு வழிகள் இருந்தன. அவரிடம் அதை யாரும் சொல்லவில்லை.

என்னுடைய கணக்கையும் நேர்மையாக ஒப்புவிக்க வேண்டும். ஆறு கிழமைக்குப் பின் கவசச் சப்பாத்தும் ஊன்றுகோலுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் வைத்தேன். பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. மாலையானால் வீங்குவது ஒரு வருடம்வரை இருந்தது. வெளிப்பக்கத் தழும்பைச் சுற்றி ஒரு பகுதி இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. ஓட முடியாது. நாலு விரல்களும் மணலைக் கவ்வுவதில்லை. கடற்கரையில் நடக்கும்போது அது தெரிகிறது. எல்லாருக்கும் இவ்வளவாவது கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். கிருமி தொற்றலாம், அறுத்த எலும்பு ஒட்டாமல் போகலாம், திருத்தம் கூடியோ குறைந்தோ போய் மறுபடி கத்தி வைக்க நேரலாம். சீனி கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இந்த ஆபத்துகள் கூட. என் சீனி அளவு இறங்கும்வரை டொக்டர் திகதியே தரவில்லை. இத்தனைக்கும் பிறகு கிடைத்தது இளமைக் கால் அல்ல, நோவில்லாமல் பாரம் தாங்கும் ஒரு கால். பதினான்காம் மாதத்தில் இடது பாதத்தின்மேல் அமர்ந்து நடு இருப்பு இருந்தேன். கொஞ்சம் சரிவாகத்தான். அல்ஹம்துலில்லாஹ்.

கதிரையில் தொழுதாக் காணாதா என்று கேட்ட அதே தம்பி மனைவி சென்ற நோன்பு காலத்தில் எங்கள் வீட்டில் கஞ்சி காய்ச்ச வந்திருந்தாள். நாற்பத்தாறு வயது. அடுப்படியில் நின்றவள் அடிக்கடி வலது காலைத் தூக்கி மற்றக் காலில் தேய்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். கணுக்காலின் உட்பக்கம் பொதுக்கென்றிருந்தது. அகப்பையை வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்து அந்த ஒற்றைக் காலில் குதியை உயர்த்தச் சொன்னேன். சிரித்துக்கொண்டே உயர்த்தினாள். குதி எழும்பியது, நடுங்கியது, ஆனால் எழும்பியது.

"ஒண்டுமில்ல ராத்தா, உளைச்சல்தான்" என்றாள்.

"ஒண்டுமில்லாம இரிக்கக்குள்ளதான் காட்டணும்" என்றேன். அடுத்த கிழமை கிளினிக்குக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுதான் காட்ட வேண்டும், நின்ற நிலையில்தான் எக்ஸ்ரே எடுக்கக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே சொல்லிக் கொடுத்தேன். இப்போது அவள் சப்பாத்துக்குள் தாங்கி வைத்திருக்கிறாள். தினமும் சுவரைப் பிடித்துக் குதியை உயர்த்திப் பழகுகிறாள். வெட்ட வேண்டி வராது என்றுதான் டொக்டர் சொல்லியிருக்கிறார்.